உடல் இளைக்கும் காப்பி: பிரபலங்கள் சொல்வதை நம்பலாமா?

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை நடந்த அன்று, வாசலில் ஒரு கேள்விப் பெட்டி வைத்திருந்தோம். அதில் விழுந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: நடிகர்களும் பாடகர்களும் பரிந்துரைக்கும் உடல் இளைக்கும் காப்பி, மாத்திரை, பானம். அரசாங்க மருத்துவமனை மருந்தகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், பதில் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி (தோட்ட அலுவலகப் பணியாளர்): அம்மா, நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சின்னத்திரை நடிகை, ஒரு காப்பியைக் குடித்து மூன்றே மாதத்தில் 14 கிலோ குறைந்ததாகச் சொல்கிறார். முன்பு எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் காட்டுகிறார். நம்பி வாங்கலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். எடை உண்மையாகவே குறைந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று மாதங்களில் அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்தார், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஏதேனும் எடுத்துக்கொண்டாரா என்பது எதுவும் அந்தக் காணொளியில் இல்லை. காப்பிப் பொட்டலம் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக் காட்டுவதற்கு அவருக்குக் கூலி கிடைக்கிறது என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

ஒரு பொருள் எடையைக் குறைக்கிறதா என்பதை ஒருவருடைய அனுபவத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒத்த உடல்நிலை உடையவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அந்தப் பொருளையும் மறு குழுவுக்குப் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மாத்திரையையும் கொடுத்து, யாருக்கு எது போகிறது என்பது உண்பவருக்கும் எடை பார்ப்பவருக்கும் தெரியாமல் வைத்துச் சில மாதங்கள் கழித்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். நடிகையிடம் இதைக் கேட்க முடியாது. விற்பவரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கேள்வி (ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): நடிகையை விடுங்கள். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவரே தொலைக்காட்சியில் வந்து சொன்னால் நம்பலாம் அல்லவா?

நல்ல கேள்வி, ஐயா. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

டாக்டர் மெஹ்மெத் ஓஸ் என்பவர் பெயர் பெற்ற இருதய அறுவை மருத்துவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் 2012ஆம் ஆண்டு தம்முடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டையிலிருந்து எடுக்கும் சாற்றை எடை குறைப்புக்கு மிகவும் உயர்த்திப் பேசினார். அந்தச் சாறு கடைகளில் பரபரப்பாக விற்றது. அந்தப் பேச்சுக்கு அடிப்படையாக இருந்தது இந்தியாவில் வெறும் 16 பேரை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு. பின்னர் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் விசாரித்தபோது, ஆய்வை நடத்தியவர் பங்கேற்றவர்களின் எடைக் கணக்கைத் திரும்பத் திரும்ப மாற்றியிருந்தார் என்று குற்றம் சாட்டியது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 2014 செப்டம்பரில் 35 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் டாக்டர் ஓஸ் அமர்ந்திருந்தபோது, குழுத் தலைவி கிளேர் மெக்காஸ்கில் இத்தகைய புகழ்மொழிகளைப் பற்றி அவரிடம் நேரடியாகவே கேள்வி எழுப்பினார். ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வொன்று அவர் நிகழ்ச்சியின் பரிந்துரைகளில் சிலவற்றை எடுத்துச் சோதித்து, அவற்றில் 46 விழுக்காட்டுக்குத்தான் சான்றுகளின் ஆதரவு உண்டு என்று கண்டது.

நான் இதைச் சொல்வது அந்த மருத்துவரைக் குறைத்துப் பேசுவதற்காக அன்று. இருதயத்தைத் திறந்து வால்வு மாற்றும் கைக்கு, காப்பிக்கொட்டைச் சாற்றைப் பற்றிய ஆய்வின் குறை தானாகத் தெரிந்துவிடாது. பட்டம் ஒரு துறையில் பெறப்பட்டது. நம்பிக்கையோ எல்லாத் துறைக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வது வேறு. படக்கருவியின் முன் நின்று பல லட்சம் பேருக்குச் சேர்த்துச் சொல்வது வேறு.

கேள்வி (இல்லத்தரசி): கார்சினியா மாத்திரை என்பது குடம்புளிதானாமே? நாம் மீன் குழம்பில் போடும் அசாம் கெப்பிங்கும் அதன் சொந்தம்தானே? அப்படியானால் கெடுதல் இருக்காது அல்லவா?

சொந்தம் என்பது உண்மைதான். இரண்டும் ஒரே இனத்து மரங்கள். குழம்பில் நான்கு துண்டு போட்டுச் சாப்பிடுவதில் எந்தத் தவறும் இல்லை. மாத்திரையில் இருப்பது குழம்பில் சேரும் அளவன்று. பழத்தோலின் அமிலத்தைப் பிரித்துச் செறிவாக்கித் தினமும் கொடுக்கிறார்கள். பலன் உண்டா என்று 1998இல் 135 பேரை வைத்து 12 வாரங்கள் முறையாகச் சோதித்தார்கள். மாத்திரை உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோ குறைந்தார்கள். இரு குழுவினரும் ஒரே உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தார்கள், எடையைக் குறைத்தது அதுதான். கார்சினியா மாத்திரை உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

பச்சைத் தேயிலைக்கும் இதே கதைதான். குடிப்பது ஒன்று, சாற்றை மாத்திரையாக விழுங்குவது வேறொன்று. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அதன் முக்கிய வேதிப்பொருளை மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

கேள்வி (செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தாய்): என் மகளுக்கு 19 வயது. ஒரு பாடகி விளம்பரம் செய்யும் காப்பியை இரண்டு வாரமாகக் குடிக்கிறாள். பசியே இல்லை என்கிறாள், எடையும் குறைகிறது. ஆனால் இரவில் தூங்குவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. கேட்டால், உடம்பிலுள்ள நச்சு வெளியேறுகிறது என்று விற்றவர் சொன்னாராம்.

அம்மா, இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி நாளைக் காலையே அரசாங்க கிளினிக்கில் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என் மருந்தக முகப்புக்கு வந்தார். கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த மூன்று காப்பிப் பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். வைக்கும்போது விரல்கள் நடுங்கின. மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். உட்கார்ந்த நிலையிலேயே நிமிடத்துக்கு 118. பொட்டலத்தின் முன்பக்கம் ஓர் அழகிய பெண்ணின் படம், பின்பக்கம் காப்பித்தூள், கிரீமர், மூலிகைச் சாறு என்று மூன்றே வரி. "காப்பிதானே சகோதரி, மருந்து இல்லையே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

காப்பி மட்டும் பசியை அப்படி அடக்காது. உங்கள் மகளுக்கு உள்ள குறிகள், அம்மா, சிபுட்ரமின் என்ற மருந்தின் குறிகளோடு ஒத்துப்போகின்றன. இது ஒரு காலத்தில் எடை குறைப்புக்காக மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்துதான். இருதய நோய் அபாயம் உள்ள ஏறத்தாழ 10,000 பேரிடம் செய்த பெரிய ஆய்வில், இதை உண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. அதனால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் அதற்கு இடமில்லை. ஆனால் உடல் இளைக்கும் காப்பிகளிலும் மூலிகைப் பொருள்களிலும் பெயர் சொல்லாமல் இதைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் பரிசோதனைக் கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்து வருகின்றன. உங்கள் மகள் குடித்ததில் அது இருந்ததா என்பதைப் பரிசோதனைக் கூடம்தான் உறுதியாகச் சொல்லும். நச்சு வெளியேறுகிறது என்ற விளக்கத்தை மட்டும் ஏற்காதீர்கள். படபடப்பு என்பது இருதயம் கூடுதலாக உழைப்பதன் அடையாளம்.

கேள்வி (இரவுச் சந்தையில் கடை போடும் இளைஞர்): அக்கா, ஒரு பிரபலத்தின் பெயரில் வரும் இளைக்கும் காப்பியை நானும் வாட்ஸ்அப்பில் விற்கிறேன். ஹலால் முத்திரை இருக்கிறது, தொழிற்சாலைச் சான்றிதழும் இருக்கிறது. இதில் எனக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு, தம்பி. ஹலால் முத்திரை, சேர்ப்பதாகச் சொல்லப்பட்ட பொருள்கள் சமய நெறிக்கு உட்பட்டவை என்பதைக் காட்டும். தொழிற்சாலைச் சான்றிதழ் தயாரிக்கும் இடத்தின் முறையைக் காட்டும். எடை குறையும் என்பதற்கு இரண்டும் சான்றாகா. பதிவு பெறாத மருந்துப் பொருளை விற்பவர் மீது 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பிரபலம் கோலாலம்பூரில் இருப்பார். சோதனைக்கு அதிகாரி வரும்போது பொட்டலம் உன் மேசையில் இருக்கும். உனக்கு வாடிக்கையாளர்கள் உன் பக்கத்து லயத்து அக்காமார்கள் என்பதையும் நினைத்துப் பார்.

கேள்வி (படிவம் ஐந்து மாணவி): அட்டைப்பெட்டியைப் பார்த்தே எப்படிச் சரிபார்ப்பது?

மருந்து, பாரம்பரிய மருந்து, சத்துத் துணைப்பொருள் என எதுவானாலும் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களும் அவற்றை அடுத்து ஆங்கில எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்து என்றால் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து டி (T). எண் இருப்பது மட்டும் போதாது, அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பார். அங்கே வரும் பொருளின் பெயரும் உன் கையிலுள்ள பெட்டியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மருந்து விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யூ. (KKLIU) என்று தொடங்கும் ஒப்புதல் எண்ணும் தேவை. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று ஒருவர் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தால், 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி அந்த வாக்கியமே தடை செய்யப்பட்டது.

இரண்டு எச்சரிக்கைகள். பதிவு எண் இருந்தால் அந்தப் பொருள் இளைக்க வைக்கும் என்று பொருளன்று. மேலும், உணவு என்ற வகையில் விற்கப்படும் காப்பிக்கு எம்.ஏ.எல். எண் கேட்கப்படுவதில்லை. கலப்படம் செய்பவர்கள் காப்பியையும் சாக்லேட்டையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே சொல்வதாக, உடல் இளைக்கும் இனிப்பு மிட்டாய் விளம்பரம் வருகிறது. உண்மையா?

இல்லை. தமக்கும் அந்த மிட்டாய்களுக்கும் தொடர்பில்லை என்று அவரே வெளிப்படையாக மறுத்திருக்கிறார். இப்போது கணினியைக் கொண்டு முகத்தையும் குரலையும் போலியாகச் செய்ய முடிகிறது. ஆகவே அவர் வாயே அசைந்து சொன்னாலும் அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை குறைய மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாம் பயன்படுத்துவதாக 2023 டிசம்பரில் அவர் சொன்னது உண்மை. அது மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கும் மருந்து. எடை குறைக்கப் போடும் ஊசி மருந்துகளை இணையத்தில் தெரியாதவரிடம் வாங்குவது பெரிய ஆபத்து. 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் ஒஸெம்பிக் என்ற ஊசி மருந்தின் போலிகளைப் பற்றி உலக நாடுகளை எச்சரித்தது.

கேள்வி (ரப்பர்ப் பால்மரம் வெட்டும் தொழிலாளி): எல்லாம் வேண்டாம் என்றால் நாங்கள் என்னதான் செய்வது? எனக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்றார்கள்.

உங்கள் கோபம் நியாயமானது, அண்ணே. விடியற்காலையில் வெட்டுக்குப் போய் வெயிலில் பால் சுமந்து வருபவரிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது எளிது.

சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவைச் சீர்படுத்தி நடையைக் கூட்டிய குழுவில் நீரிழிவு வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மைப் போன்ற உடலமைப்பு உள்ளவர்கள், நம்மைப் போலவே சோறு உண்பவர்கள் அவர்கள். எடைத் தராசின் முள் நகரவில்லை என்று மனம் தளர்ந்து காப்பிப் பொட்டலத்தைத் தேடுவோர் இதை அறிய வேண்டும்.

நீங்கள் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் நாளுக்கு எத்தனை குவளை குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதிலிருந்து தொடங்கலாம். அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால் அங்கே போய் உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் அனுப்புகிறார்கள்.

கேள்வி (மீண்டும் அந்தத் தாய், சீட்டின் பின்பக்கத்தில்): மீதமுள்ள பொட்டலங்களைக் குப்பையில் போட்டுவிடவா?

போடாதீர்கள், அம்மா. பிரிக்காத பொட்டலம், பெட்டி, வாங்கிய ரசீது, விற்றவர் அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். கிளினிக்கின் மருந்தகத்தில் கொடுத்தால், பக்கவிளைவு அறிக்கைப் படிவத்தை நிரப்பி மேலே அனுப்புவார்கள். மலாய்ப் படிவத்தை நிரப்பத் தயக்கமாக இருந்தால் மகளையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு வாருங்கள், நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.