பல் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள்

கேள்வி (வாசகர், கோவில்பட்டி): வயது 54. பத்து வருடமாகச் சுகர். மாத்திரை தவறுவதில்லை, வாயையும் கட்டுகிறேன். ஆனாலும் மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 8.9-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கீழே இரண்டு முன்பற்கள் ஆடுகின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அதுவும் இரண்டு பக்கமிருந்தும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சிறு இடுக்கு இருக்கிறது. நல்ல வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அழுக்குப் படலம் அங்கே தங்கிக் காரையாக இறுகினால் ஈறு பல்லை விட்டுப் பிரிய ஆரம்பிக்கும். ஆழம் 5, 6 என்று போகும். அதன் உள்சுவர் முழுக்கப் புண். காலில் இதே புண் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பீர்கள். இது கண்ணுக்குத் தெரியாததால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அங்கிருந்து கிளம்பும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடுவதில்லை. அந்தப் பக்கம், சுகர் ஏறினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகும், ஈறுப் புண் ஆறாது, பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். பல் ஆடுவது அதனால்தான்.

பல் டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஆழம் அளக்க வேண்டும். அளக்காமல் ‘க்ளீனிங் பண்ணிடலாம்’ என்று சொன்னால், அளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆழம் அதிகமான இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டுவார்கள். இரண்டு முதல் நான்கு முறை வரச் சொல்வது வழக்கம். முடித்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு மறுபடி அளப்பார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் மூன்று மாத சராசரி சுமார் 0.3 முதல் 0.5 வரை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் 8.9 இதனால் மட்டும் 7-க்கு வந்துவிடாது. மாத்திரைக்கு மாற்றும் அல்ல. ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய வேலை.

சிகிச்சை நாளில் பலர் செய்யும் தப்பு, வெறும் வயிற்றோடு போவது. காலை டிபன் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு முற்பகலிலேயே போய்விடுங்கள். ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் வாய் மரத்திருக்கும், மதியச் சாப்பாடு தள்ளிப்போகும், சுகர் தடாலென்று இறங்கும். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது இன்னொரு தப்பு. அங்கேதான் அழுக்கு அதிகம். மிருதுவான பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து மெல்ல அசையுங்கள். காலையும் இரவும் இரண்டு நிமிடம். பல் இடுக்குகளுக்கென்று குட்டி பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும், ஆடும் பற்களுக்கு அது அவசியம்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் போடுகிறார். கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிடுங்கலாம் என்கிறார் உறவினர்.

நிறுத்தாதீர்கள். பல் குழியில் ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், அழுத்தினால் நிற்கும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. எந்த ஆபத்து பெரியது என்று உறவினரையே கேளுங்கள். சாதாரணமாக ஒன்றிரண்டு பல் எடுக்க இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை. இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காலை வேளையில் போங்கள். குழியில் ஜெலட்டின் பஞ்சு வைத்துத் தையல் போடச் சொல்லுங்கள். அதன்மேல் வைத்த துணியை முப்பது நிமிடம் விடாமல் கடித்திருக்க வேண்டும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ‘நின்றுவிட்டதா’ என்று பார்த்தால் நிற்காது. அன்றைக்குத் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்காததற்குக் காரணம் அநேகமாக மாத்திரை அல்ல, எச்சிலைத் துப்பித் துப்பி உறைந்த கட்டியையே பெயர்த்துவிடுவதுதான். காபி ஆறியதாக இருக்கட்டும். வலிக்கு பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டாம்.

இதய வால்வு மாற்றியவர்கள் கதை வேறு. அவர்கள் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் போடுவதால், பல் சிகிச்சைக்கு முந்தைய நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். பல் எடுக்கவும் ஈறைச் சுரண்டவும் ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் (500 மி.கி. மாத்திரை நான்கு) ஒரே தடவையாகக் கொடுப்பார்கள், வாய்க்கிருமி வால்வில் போய் ஒட்டாமலிருக்க. பென்சிலின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்டென்டுக்கோ பைபாஸுக்கோ இந்த முன்மருந்து தேவையில்லை. இன்னொன்று: பல் வீக்கத்துக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல், அசிட்ரோமோடும் வார்ஃபரினோடும் சேர்ந்தால் ஐ.என்.ஆரை எகிற வைக்கும்.

கேள்வி (வாசகர், மதுரை): பி.பி.க்கு ஆம்லோடிபின் ஒரு வருடமாகப் போடுகிறேன். முன்பற்களுக்கு நடுவே ஈறு குண்டு குண்டாக வளர்ந்து பல்லைப் பாதி மூடிவிட்டது. வலி இல்லை. கட்டியா?

மாத்திரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆம்லோடிபின், நிஃபெடிபின் வகையில் சிலருக்கு இப்படி வளரும். வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயினிலும் வரும். முன்பற்களின் இடுக்கில் தொடங்குவதுதான் இதன் அடையாளம். காரை உள்ள வாயில் வேகமாக வளரும் என்பதால் முதலில் க்ளீனிங். பிறகு பி.பி. டாக்டரிடம் ஈறைக் காட்டி வேறு வகை மாத்திரை கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால் பி.பி. ஏறும். மாற்றிய சில மாதங்களில் ஈறு சுருங்க வேண்டும். சுருங்காத மிச்சத்தை வெட்டிச் சீர்செய்யலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வளர்ந்து, தொட்டால் ரத்தம் வந்தால், காத்திருக்காமல் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வாசகி, சேலம்): க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடுமாமே?

ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்ததும் உண்மை தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): 82 வயதுப் பாட்டி பல்செட்டைக் கழற்றாமலே தூங்குகிறார். அடிக்கடி சளி, இரண்டு முறை நிமோனியா. தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது முதியவர்களுக்கு இயல்பு. அந்த எச்சிலில் கிருமி எவ்வளவு என்பதுதான் விஷயம். ராத்திரி முழுக்க மாட்டியிருக்கும் செட்டுக்கு அடியில் பூஞ்சையும் கிருமியும் வளரும். கழற்றி மேலண்ணத்தைப் பாருங்கள், செட்டின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் பூஞ்சை. இரவில் கழற்றி, பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். கொதிநீர் ஊற்றினால் செட் வளையும், காயவிட்டாலும் உருக்குலையும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அதில் அழுக்குச் சேரும். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாப்பிடும்போது இருமல் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். வந்தால் விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம், அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.