வயலின் சாயும் இடத்தில் தகடா?

கேள்வி: மதிப்புக்குரிய டொக்டர், நான் வெள்ளவத்தையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 36. ஒன்பது நாள்களுக்கு முன் காலி வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கால் தரையில் படுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இடது தோள் நடைபாதை விளிம்பில் அடிபட விழுந்தேன். கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் காறை எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. அன்றிரவு போன தனியார் வைத்தியசாலையில் படுக்கவைத்து எடுத்த படத்தைப் பார்த்த வேகத்தில், "நாளைக் காலையில் தகடு வைத்துவிடலாம், முற்பணத்தைக் கட்டுங்கள்" என்றார்கள். பயந்துபோய், கையை ஸ்லிங்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றாம் நாள் பார்த்த இன்னொரு நிபுணர், "ஒன்றும் வேண்டாம், தானாகப் பொருந்தும்" என்றார். ஆனால் அவருடைய குறிப்பில், இரண்டு முனைகளும் முற்றாக விலகி ஒன்றன்மேல் ஒன்று ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஏறியிருப்பதாக இருக்கிறது. முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போடலாம் என்கிறார் மாமியார். தினமும் பிரண்டைத் துவையலும் தருகிறார். பதினொரு வாரத்தில் ஓர் அரங்கேற்றத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். வயலின் சாய்வது இந்த எலும்பில்தான். நான் என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள மகளுக்கு,

முடிவெடுக்க இன்னும் நாள் இருக்கிறது. முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். உடனே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிய காறை முறிவுகளும் உண்டு. எலும்பு முனை தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கலாம், அல்லது உள்ளிருந்து குத்தித் தோல் வெளுத்து விறைத்து நிற்கலாம். கை குளிர்ந்துபோகலாம், விரல்கள் மரத்துப் பலமிழக்கலாம். இந்த எலும்புக்கு அடியில்தான் கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புக் கட்டும் நுரையீரலின் உச்சியும் இருக்கின்றன. ஆகவே மூச்சு வாங்கினாலும் அவசரம்தான். இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு விபத்துச் சேவைக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. அந்த இரவு முற்பணம் கட்டாமல் திரும்பி வந்ததில் தவறில்லை. தகடு வேண்டும் என்று அங்கிருந்த நிபுணர் நினைத்ததிலும் தவறில்லை. யோசிக்க ஓர் இரவுகூடத் தராததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1960இல் நீயர் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர், கத்தி வைக்காமல் விட்ட 2,235 நடுக்காறை முறிவுகளில் மூன்றுதான் பொருந்தாமல் போயின என்று எழுதினார். நாங்கள் படித்த காலத்தில் அதுதான் வேதம். "இரண்டு துண்டும் ஒரே அறைக்குள் இருந்தால் போதும், பொருந்திவிடும்" என்று எங்கள் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். பிறகு 2007இல் கனடாவில், முற்றாக விலகிய முறிவுள்ள பெரியவர்களை மட்டும் எடுத்து ஓராண்டு பார்த்தார்கள். ஸ்லிங்கோடு விட்ட 49 பேரில் ஏழு பேருக்கு எலும்பு பொருந்தவில்லை. தகடு வைத்த 62 பேரில் இரண்டு பேருக்குத்தான் அப்படி. பொருந்த எடுத்த சராசரிக் காலமும் 28 வாரத்திலிருந்து 16 வாரமாகக் குறைந்தது. உங்களை முதலில் பார்த்தவர் அநேகமாக இந்தக் கட்டுரையை மனதில் வைத்திருப்பார். 2019இல் கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓராண்டு முடிவில் தோளும் கையும் செய்யும் வேலையில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரண்டாமவர் அதை நம்புகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருமே உங்களிடம் வயலினைப் பற்றிக் கேட்கவில்லை என்றுதான் தெரிகிறது.

நான் கேட்கிறேன். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, அடிப்பக்கத்தை இடது தோளிலும் காறையிலும் சாய்த்துத்தானே வாசிக்கிறீர்கள்? அப்படியென்றால் உங்கள் இடது கை தோளுக்கு மேலே போக வேண்டிய தேவையே இல்லை. மூட்டை தூக்குகிறவருக்கும் வேகப்பந்து வீசுகிறவருக்கும் எலும்பின் நீளம் குறைவது பெரிய விடயம். உங்களுக்குத் தேவை வேறு இரண்டு: ஜாருவில் வழுக்கிப் போகும் விரல்கள் மரக்காமல் இருக்க வேண்டும், வாத்தியம் படும் இடம் வலிக்காமல் இருக்க வேண்டும். தகட்டை வழக்கமாக எலும்பின் மேற்புறத்தில் திருகாணிகளால் பூட்டுவார்கள். அங்கே சதையே கிடையாது. தோலைத் தடவினால் உலோகம் தட்டுப்படும். சேலை முந்தானைக்கு ஊசி குத்தும் இடமும் அதுதான். உறுத்தல் தாங்காமல் தகட்டைக் கழற்ற இரண்டாம் முறை படுப்பவர்கள் கொஞ்சம் பேரல்ல. காயத்துக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போவதும் அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் தோலுக்கு உணர்ச்சி தரும் சிறு நரம்புகள் எலும்பைக் குறுக்கே கடந்து இறங்குகின்றன. வயலினின் அசைவைத் தோளால் உணர்ந்து வாசிப்பவருக்கு அது சிறிய இழப்பா பெரிய இழப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

என் சாய்வு காத்திருப்பதன் பக்கம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதல்ல. கழுத்துத் தசை உட்துண்டை மேலே இழுக்கிறது, கையின் பாரம் வெளித்துண்டைக் கீழே இழுக்கிறது. படுத்தால் அந்தப் பாரம் இல்லை. அதனால் உங்கள் முதல் படம் முழுக் கதையையும் சொல்லியிருக்காது. இந்த வாரத்துக்குள், நின்றபடி இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள். ஏற்றம் ஒன்றரையிலேயே நின்றிருந்தால் ஸ்லிங்கைத் தொடருங்கள். இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தாலோ, நடுவில் ஓர் எலும்புச் சில்லு குறுக்காகத் திரும்பி நின்றாலோ நான் மனதை மாற்றிக்கொள்வேன். அப்படியானால், விழுந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தகடு வைப்பதுதான் சுலபம். அப்படிச் செய்வதானால், தகட்டை மேலே வைக்காமல் முன்புறம் கீழாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். வயலினையும் கொண்டுபோய் உட்கார்ந்து காட்டுங்கள், வெட்கப்படாதீர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதைக் கட்டணமின்றியே செய்கிறார்கள் என்பதையும் முற்பணம் கேட்டவர்களுக்காக நினைவில் வையுங்கள்.

இப்போது பொருந்தாமல் போய், பிறகு செய்தால் என்ன? செய்யலாம். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துத் தகடு பூட்டுவோம். முதல் தடவை செய்வதைவிடச் சிரமம்தான், ஆனால் கதவு அடைபடுவதில்லை. எனக்கு இந்த ஒன்று போதுமான ஆறுதலாக இருந்தது. ஆம், என் வலது காறையிலும் ஒரு மேடு இருக்கிறது. 1991இல் ஒரு மழைநாளில் வார்ட்டுக்குப் போகும் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். எலும்பு சத்திரசிகிச்சை செய்கிறவன் மூன்று மாதம் சுத்தியலைத் தொடவில்லை. தாதிமாருக்கு ஒரே சிரிப்பு. இரவில் நான்கு தலையணையில் சாய்ந்து தூங்கினேன். படுத்தால் இரண்டு முனைகளும் "கிறுக்" என்று உரசும். மூன்றாம் வாரம் அந்தச் சத்தம் நின்றது. எக்ஸ்ரேயைவிட அதுதான் எனக்கு நல்ல செய்தி.

முழங்கை, மணிக்கட்டு, விரல்களை இன்றிலிருந்தே அசையுங்கள். ஸ்லிங்கில் கை இருக்கும்போதே வலது முன்கையைத் தந்தியாக வைத்துக்கொண்டு இடது விரல்களால் சரளி வரிசை போடலாம். சின்ன விரலும் மோதிர விரலும் மரத்தால் உடனே காட்டுங்கள். பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குவது மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

மாமியாருக்கு என் வணக்கம். பிரண்டைத் துவையலைச் சாப்பிடுங்கள், நானும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன். பத்துப் போட்டால் தோல் கொப்பளிக்கலாம், பிறகு வெட்டவேண்டி வந்தால் அந்தத் தோலில் கத்தி வைக்க முடியாது. எண்ணெய் போட்டு உருவ மட்டும் யாரையும் விடாதீர்கள். அடியில் என்ன ஓடுகிறது என்று மேலே சொன்னேன்.

அரங்கேற்றம்? இன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னொருவரைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். தகடு வைத்தாலும் பதினொரு வாரத்தில் மூன்று மணி நேரம் வாத்தியத்தை அந்தத் தழும்பில் சாய்ப்பீர்கள் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கேள்வி: ஐந்து வயது மகன் கட்டிலிலிருந்து விழுந்து காறை முறிந்தது. ஸ்லிங் மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்துக்குப் பின் அந்த இடத்தில் பாக்களவு கட்டி தெரிகிறது. பயமாக இருக்கிறது.
– தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அது புது எலும்பு. பொருந்தும்போது அப்படித்தான் திரளும். அந்த வயதில் எலும்பு வளர வளர மேடு தானாகக் கரையும், சில மாதங்கள் எடுக்கும். கையை அவனே தூக்குகிறானா என்று பாருங்கள். தூக்கினால் ஸ்லிங்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போடுங்கள்.