மிஸ்ட் வந்தால் வைஃபை போகுமா? மலைவீட்டு இன்டர்நெட் கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடுகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் வேலை. வீட்டு வைஃபை பற்றி எதுவும் கேளுங்கள். எந்தக் கம்பெனி நல்லது, எந்த பிளான் மலிவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேட்பதற்கு முன் ஒரு சோதனை. லேப்டாப்பில் இரண்டு பிங் ஓட விடுங்கள். பிங் என்றால், ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளக்கும் கட்டளை. ஒன்று ரூட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்று வெளியே, கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு. ரூட்டருக்கே 50, 200 மில்லிசெகண்ட் என்று எகிறினால் கோளாறு வீட்டுக்குள். ரூட்டருக்கு 2, 3 என்று சீராக இருந்து வெளியே மட்டும் எகிறினால் லைனில். இது தெரியாமல் நான் எது சொன்னாலும் குருட்டு வைத்தியம்தான்.

கோத்தகிரி: அண்ணா, எங்களுடையது வெள்ளைக்காரன் காலத்து பங்களா. ஹாலில் 90 எம்பிபிஎஸ் வருகிறது. பின்பக்கப் படுக்கையறையில் 3 கூட இல்லை, வீடியோ கால் நின்று நின்று போகிறது. பூஸ்டர் வாங்கிப் போடட்டுமா?

வேண்டாம். அந்தக் காலத்துக் கல் சுவர் ஒரு அடிக்கு மேல் இருக்கும், நடுவில் கணப்பும் புகைபோக்கியும் வேறு. ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை அலையில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படி ஒரு சுவரைத் தாண்டுவதே பெரிய விஷயம். 2.4 கொஞ்சம் தாண்டும், இரண்டாவது சுவரில் அதுவும் சோர்ந்துவிடும்.

பூஸ்டர் என்று விற்கிற மலிவு ரிப்பீட்டர், ரூட்டரிடமிருந்து வாங்குவதையும் உங்கள் போனுக்குக் கொடுப்பதையும் ஒரே ரேடியோவில் மாறி மாறிச் செய்கிறது. அதிலேயே வேகம் பாதியாகிவிடும். அதைக் கொண்டுபோய் சிக்னல் இல்லாத படுக்கையறையில் மாட்டுவார்கள். அங்கே வருவதே 3 என்றால் அது எதைப் பெருக்கும்? போனில் கோடு மட்டும் முழுசாகத் தெரியும், வேகம் அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது இது. ஹாலில் இருந்து ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிளை மச்சு வழியாகப் பின்னறைக்கு இழுத்து, அந்த முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருகிற நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-இல் ஒன்றுக்கு சேனல் (அந்த அலைப்பட்டையின் ஒரு துண்டு) 1, மற்றதற்கு 11 கொடுத்துவிடுங்கள். கேபிள் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைச் சுருள் சுருளாகத் தள்ளிவிடுகிறார்கள், குளிரிலும் ஈரத்திலும் அது சீக்கிரம் கைவிடும். போட்டு முடித்ததும் லிங்க் வேகத்தை, அதாவது கேபிளின் இரண்டு முனையும் பேசிக்கொள்கிற எம்பிபிஎஸ்ஸைப் பாருங்கள். 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்று நின்றால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை.

கேபிள் இழுக்கவே முடியாது என்றால் மெஷ் (ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) வாங்கலாம். இரண்டாவது பெட்டியைப் பின்னறையில் வைக்காமல், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற பாதி வழியில், கதவுகள் நேராகத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்: நெட் ரொம்ப ஸ்லோ சார். என்ன பண்ணலாம்?

பிங்?

கோத்தகிரி பக்கம், எஸ்டேட் லைன் வீடு: வைஃபை லிஸ்டைத் திறந்தால் அக்கம்பக்கத்துப் பெயர்களாகவே வருகிறது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் எதுவும் நகரவில்லை.

2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். எந்த ரூட்டரும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் உட்கார்ந்தால் பாதி இடத்தை அதுவே அடைத்துவிடும். 20-க்குக் குறையுங்கள். லைன் வீடு சின்னதுதானே? போன், டிவி எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். சுவர் தாண்டாத அதன் குறை உங்களுக்கு வசதி. பக்கத்து வீட்டுத் தொல்லையும் தாண்டி வராது.

குன்னூர், பெட்ஃபோர்டு: சாயங்காலம் மிஸ்ட் இறங்கினால் போதும், வைஃபை படுத்துவிடுகிறது. மிஸ்டைத் தாங்குகிற ரூட்டர் ஏதாவது இருக்கிறதா அண்ணா?

மிஸ்ட் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தாலும் வைஃபையை ஒன்றும் செய்யாது அக்கா. அடர்ந்த மிஸ்டில்கூட ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் தண்ணீர் அரை கிராம் அளவுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் ஒரு கிலோமீட்டர் போனாலும் இழப்பை அளப்பதே கஷ்டம். உங்கள் ஹாலில் இருந்து சமையலறை எத்தனை அடி?

அருவங்காடு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்: தம்பி, இதை ஏற்க முடியாது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். தண்ணீர் அந்த அலையை உறிஞ்சுவதால்தான் சாப்பாடு சூடாகிறது. மிஸ்டும் தண்ணீர்தானே?

தண்ணீர் உறிஞ்சும் என்பது சரி சார். எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கணக்கு. அடுப்புக்குள் இருப்பது ஒரு கிண்ணம் சாம்பார். அதன்மேல் 700, 800 வாட்டை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்து மோதுகிறோம். மிஸ்டில் அதே கிண்ணம் தண்ணீரைச் சேர்க்க ஒரு கல்யாண மண்டபம் வேண்டியிருக்கும். அப்புறம், 2.45 என்பது தண்ணீருக்கென்று அமைந்த அதிர்வெண்ணும் இல்லை. திரவத் தண்ணீர் அதிகம் உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸ் பக்கம். உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்ட பட்டையில் அடுப்பும் வைஃபையும் சேர்ந்து குடியிருக்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் அடுப்பு ஓடும்போது பக்கத்தில் 2.4 வைஃபை திணறுகிறது. கசிகிற இரைச்சல்தான் காரணம்.

கூடலூர்: சார் கேட்பதில் நியாயம் இருக்கிறதே? ஜூன், ஜூலையில் மழை வலுத்தால் எங்கள் டிஷ் டிவி போய்விடுகிறது. அதுவும் அலைதானே?

டிஷ் டிவி வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அதுவும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து, பிடித்தும் பிடிக்காமலும் வருகிற சிக்னல். மழைத்துளி மிஸ்ட் துளியைவிடப் பல மடங்கு பெரிது. அதை வைத்து வீட்டு ரூட்டரை எடை போடாதீர்கள்.

தண்ணீர் உண்மையிலேயே கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. எதிர் மலைச்சரிவில் இருந்து ஆன்டெனா வைத்து வயர்லெஸ் லிங்க் எடுத்திருப்பவர்களுக்கு, நடுவில் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ இருந்தால் நனைந்த இலை சிக்னலை நன்றாகவே தின்னும். வெயில் நாளில் வேலை செய்த லிங்க் மழையில் விழும். மரம் வளர வளர இன்னும் மோசமாகும். அதற்குக் கம்பத்தை உயர்த்த வேண்டும், ரூட்டரை மாற்றிப் பயன் இல்லை.

அருவங்காடு ஆசிரியர், மறுபடியும்: அப்படியானால் மிஸ்ட் நாளில் மெதுவாகிறது என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா?

பொய் இல்லை சார். மெதுவாவது நிஜம், குற்றவாளிதான் வேறு. மிஸ்டும் குளிரும் இருந்தால் ஊரே ஆறு மணிக்கு வீட்டுக்குள். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள். காற்று அடித்தால் கரண்ட் ஒரு வினாடி போய் வரும், ரூட்டர் மறுபடி எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம். கம்பத்தில் இருக்கிற ஜாயின்ட் பெட்டியின் மூடி சரியில்லை என்றால் ஈரம் உள்ளே போகும். வாதம் எதற்கு? பெட்ஃபோர்டு அக்கா, இன்றைக்கு மிஸ்ட் இருக்கிறதா? ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பிங்கும் ஓட்டிச் சொல்லுங்கள்.

பெட்ஃபோர்டு: ஜன்னலுக்கு வெளியே கேட் கூடத் தெரியவில்லை. ரூட்டருக்கு 3. வெளியே 180, சில சமயம் டைம் அவுட்.

மிஸ்ட் விடுதலை. லைனில்தான் நெரிசலோ பழுதோ. அந்த ஸ்கிரீன்ஷாட்டை நேரத்தோடு சேர்த்துப் புகாரில் போடுங்கள். 'வைஃபை மோசம்' என்று எழுதினால் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

லவ்டேல்: நல்ல பூஸ்டர் ஒன்று சொல்லுங்களேன்.

முதல் பதிலைப் படியுங்கள்.

கேத்தி: அண்ணா, கேம் விளையாடும்போது பிங் 30. அம்மா போனில் போட்டோ பேக்கப் ஆரம்பித்தால் 600. பிளானை 300 எம்பிபிஎஸ்ஸாக மாற்றச் சொல்லவா?

பிரமாதமான கேள்வி தம்பி, அளந்து கேட்டிருக்கிறாய். இது வேகக் குறைவு இல்லை. போட்டோக்கள் அப்லோடு வழியை முழுக்க அடைக்கின்றன. வெளியே போக முடியாத பாக்கெட்டுகளை, அதாவது டேட்டாத் துண்டுகளை, ரூட்டர் வரிசையில் நிறுத்தி வைக்கிறது. உன் கேம் அனுப்புகிற சின்னப் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். பிளானை ஏற்றினால் வரிசை கொஞ்சம் வேகமாக நகரும், வரிசை இருக்கத்தான் செய்யும். ரூட்டர் செட்டிங்கில் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் (இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருக்கிறதா பார். இருந்தால் அப்லோடு, டவுன்லோடு இரண்டையும் நிஜமாக வருகிற வேகத்தில் 85, 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்து. கொஞ்சம் வேகம் போகும், பிங் எகிறாது. அந்த வசதி இல்லை என்றால் பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றச் சொல், அம்மாவிடம் கெஞ்சியாவது.

மஞ்சூர்: பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மினுங்குகிறது.

ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். கற்பூர மரக் கிளை விழுந்திருக்கும், இல்லை குரங்கு ஊஞ்சல் ஆடியிருக்கும். வீட்டுக்குள் மஞ்சள் ஃபைபர் வயர் கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றது லைன்மேன் வேலை. சரியானதும் பிரவுசரில் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்து ஆர்எக்ஸ் பவரை (வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம்மில்) குறித்து வையுங்கள். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 26 என்றால் அடுத்த காற்றுக்கு மறுபடி போகும். வயர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள்.

வெலிங்டன்: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் திடீரென்று மறைகிறது, ஒரு நிமிடம் கழித்து வருகிறது.

சேனல் 52-இல் இருந்து 144 வரை ரேடாருக்கும் உரியது. ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரூட்டர் இடத்தைக் காலி செய்து, புதுச் சேனலில் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசும். சேனலை 36-இல் நிலையாக வையுங்கள், தீர்ந்தது.

ஊட்டி: 5ஜி பெட்டி வைத்திருக்கிறோம். மே மாதம் மட்டும் ஊர்கிறது.

மலர்க் கண்காட்சிக்கு வருகிற கூட்டமும் அதே டவரில்தான் தொங்குகிறது. ஃபைபர் கிடைத்தால் மாறிவிடுங்கள்.

குன்னூர், ஹோம்ஸ்டே: நாலு காட்டேஜ். ஒவ்வொன்றிலும் ஒரு பூஸ்டர்...

முதல் பதில். முதல் பதில். அதில் ஒரே மாற்றம், கட்டடத்துக்குக் கட்டடம் வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஐப்பசி இடியில் பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்தக் கேபிள் வழியாக இரண்டு முனைப் பெட்டியும் கருகும். காட்டேஜ்களுக்கு நடுவில் ஃபைபர், இரண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபர் ஒளியைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் பெட்டி). கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, ஆனால் உள்ளே இரும்புக் கம்பி வைத்த ஃபைபரை வாங்கிவிடாதீர்கள்.

ஃபிங்கர்போஸ்ட்: சார், என் கேள்விக்குப் பதில் வரவில்லை. பிங் என்றால் என்ன?

மேலே முன்னுரையில் இருக்கிறது. விண்டோஸில் சிஎம்டி என்று தேடித் திறந்து, பிங் கட்டளைக்குப் பின் ஒரு இடம் விட்டு 192.168.1.1. என்ன எண் வந்தாலும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

கட்டபெட்டு: கரண்ட் போனால் நெட்டும் போகிறது. பெரிய இன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதே அளவு மினி யூபிஎஸ் போதும். ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.