ஐஸ்லாந்து போகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் கோவையில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு மாதம் 1.45 லட்சம் ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 42,000, குடும்பச் செலவு 60,000, எஸ்.ஐ.பி.யும் செல்வமகள் சேமிப்பும் சேர்ந்து 13,000. வங்கி வைப்பில் 4 லட்சம் இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும் 1.5 லட்சம் போனஸ் வரும். பத்து வயது மகள் எரிமலை, பனிப்பாறை, இருண்ட வானில் தெரியும் துருவ ஒளி என்று ஐஸ்லாந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் பத்து நாள் அழைத்துப்போக ஒரு சுற்றுலா நிறுவனம் மூவருக்கும் 11 லட்சம் கேட்கிறது. வைப்பை உடைத்து, போனஸையும் போட்டு, மீதிக்கும் கைச்செலவுக்குமாக 6 லட்சம் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். வட்டி கணக்கு பிறகு வருகிறது. அதற்கு முன்பே மே மாதத் திட்டத்தை நிறுத்த ஒரு காரணம் இருக்கிறது. மே மாதத்தில் ஐஸ்லாந்தில் இரவு சரியாக இருட்டுவதே இல்லை. துருவ ஒளிக்கான காலம் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. உங்கள் மகள் கேட்ட மூன்றில் ஒன்று, 11 லட்சம் கொடுத்தாலும் கிடைக்காது. இதை அந்த நிறுவனம் உங்களிடம் சொன்னதா என்று கேட்டுப் பாருங்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்தைப் பாருங்கள். இரவும் பகலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். பகலில் அருவிகள், இரவில் துருவ ஒளி பார்க்க வாய்ப்பு. தாழ்நிலச் சாலைகளில் பொதுவாகப் பனி படிந்திருக்காது. காலாண்டுத் தேர்வு விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. இந்த ஆண்டு செப்டம்பர் அல்ல, அடுத்த ஆண்டு செப்டம்பர். இந்த ஜனவரியிலிருந்து எண்ணினால் 20 மாதம் இருக்கிறது.

இப்போது கடன். 6 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 20,500 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 1.38 லட்சம். அங்கே ஒரு வாரம் வாடகைக் கார் எடுத்து ஓட்டும் செலவைவிட இது அதிகம். வைப்பையும் உடைத்துவிட்டால், ஊர் திரும்பும் நாளில் உங்கள் கையில் அவசர நிதி என்று எதுவும் இருக்காது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஐஸ்லாந்தில் ஒரு நல்ல விஷயம், பார்க்க வேண்டிய இயற்கைக் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. குல்ஃபோஸ், செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்கோகாஃபோஸ் ஆகிய அருவிகள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சும் ஸ்ட்ரோக்கூர், பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி எல்லாம் அப்படித்தான். பல இடங்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் மட்டும் உண்டு. பணம் கரைவது தங்குமிடத்திலும் சாலையிலும் சாப்பாட்டிலும். ஆகவே நாளையும் தூரத்தையும் குறைத்தால் செலவு உண்மையாகவே குறைகிறது. தீவைச் சுற்றிவரும் 1ஆம் எண் நெடுஞ்சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதை முழுவதும் சுற்ற வேண்டாம். தலைநகர் ரெய்க்யாவிக்கில் தொடங்கி, தென்கரை வழியாகச் சுமார் 370 கிலோமீட்டரில் யோகுல்சார்லோன் வரை போய்த் திரும்பினால் எட்டு இரவு போதும். மேலே சொன்ன அத்தனையும் அந்த வழியிலோ அதற்கு அருகிலோதான்.

நான் போடும் மதிப்பீடு இது. மூவருக்கும் விமான டிக்கெட் 3 லட்சம். விசா, காப்பீடு 40,000. எட்டு இரவுத் தங்கல் 1.6 லட்சம், கார், அதன் காப்பீடு, பெட்ரோல் 1.2 லட்சம், சாப்பாடு 70,000, பனியாற்று நடை, படகு போன்றவற்றுக்கு 60,000. ஆக 7.5 லட்சம். அதற்கு மேல் 1 லட்சம் தொடாத கையிருப்பாக வேண்டும். மொத்தம் 8.5 லட்சம்.

அந்த 1 லட்சத்தைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். 2010 ஏப்ரலில் எயாஃப்யாட்லயோகுல் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி பல நாள் மூடப்பட்டது. 2023 நவம்பரில் எரிமலை அபாயத்தால் கிரிண்டாவிக் நகர மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு அருகிலுள்ள ப்ளூ லகூன் வெந்நீர்க் குளம் பலமுறை மூடப்பட்டது. எரிமலையை விட்டாலும் காற்று இருக்கிறது. இலையுதிர்காலப் புயல் வந்தால் சாலையை அடைத்துவிடுவார்கள், நீங்கள் இருக்கும் ஊரிலேயே இன்னோர் இரவு தங்க நேரும். ஐஸ்லாந்திலிருந்து புறப்படும் விமானம் ரத்தானால் ஐரோப்பிய விதிப்படி விமான நிறுவனம் மாற்று விமானமோ டிக்கெட் பணமோ தர வேண்டும். மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும்வரை தங்குமிடமும் உணவும் அதன் பொறுப்பு. ஆனால் எரிமலைச் சாம்பல் அசாதாரணச் சூழல் என்பதால் இழப்பீடு கிடைக்காது. ரசீதுகளை வைத்துக்கொண்டு பிறகு பணம் கேட்கும்படி ஆகலாம், அதுவரை செலவழிக்க உங்கள் கையில் பணம் இருக்க வேண்டும். விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்காமல் ஒரே டிக்கெட்டாக வாங்கச் சொல்வதும் இதனால்தான். பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே வாங்குங்கள். வெடிப்பு செய்தியில் வந்த பிறகு வாங்கும் பாலிசி அந்த வெடிப்பால் வரும் இழப்பைப் பொதுவாக ஏற்காது.

கார் காப்பீட்டிலும் கஞ்சம் வேண்டாம். சரளைக் கல் தெறிப்பு, மணல்-சாம்பல் சேதம் இரண்டுக்கும் தனிப் பாதுகாப்பு விற்பார்கள். தென்கரைக்கு இரண்டும் தேவை. காற்றில் கதவு பிய்ந்து மடங்கினால் பல பாலிசிகளில் பணம் வராது, ஆகவே கதவை எப்போதும் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் மலைச் சாலைகளில் நான்கு சக்கர இயக்க (4x4) வண்டிக்கு மட்டுமே அனுமதி. உங்கள் திட்டத்தில் அவை வேண்டியதில்லை.

சேமிப்புக்கு வருகிறேன். இப்போது மாதம் 30,000 மிஞ்சுகிறது. அதில் 25,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுங்கள். 20 மாதத்தில் 5 லட்சம். இரண்டு ஏப்ரல் போனஸும் சேர்ந்தால் 8 லட்சம். வட்டியும் சேர்ந்து, வரி போக ஏறத்தாழ 8.3 லட்சம் கைக்கு வரும். குறையும் 20,000 ரூபாயை மாதம் ஒதுங்கும் 5,000 ரூபாயிலிருந்து எளிதில் எடுக்கலாம். இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் தேவைப்படும் தொகைக்கு அது இடமல்ல. எஸ்.ஐ.பி., செல்வமகள், 4 லட்சம் வைப்பு மூன்றும் இருந்தபடியே இருக்கட்டும்.

சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் ஜி.எஸ்.டி.யோடு டி.சி.எஸ்.ஸும் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். டி.சி.எஸ். தொலையாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும். தங்குமிடத்தையும் காரையும் நீங்களே பதிவு செய்வது நல்லது.

அங்கே ரொக்கத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. ஐஸ்லாந்து குரோனாவை ஏற்றித்தரும் பயண அட்டைகள் அரிது. யூரோ ஏற்றிய அட்டையில் குரோனாவாகச் செலவழித்தால் மாற்றுக் கட்டணம் வெட்டுவார்கள். அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் இல்லாத கடன் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காரை ஓட்டுபவர் பெயரில் அது இருக்க வேண்டும், வாடகை நிறுவனம் முன்பணத்தை அதில்தான் நிறுத்திவைக்கும். கடை இயந்திரம் “ரூபாயிலா, குரோனாவிலா?” என்று கேட்டால் குரோனாவையே அழுத்துங்கள், ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதம் அவர்கள் வைப்பதுதான். ஆளில்லா பெட்ரோல் பங்கில் ‘முழு டாங்க்’ என்று அழுத்தினால் பெரிய தொகையை நிறுத்திவைத்து, சில நாள் கழித்தே விடுவிப்பார்கள். தேவையான தொகையை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

சமையலறையுள்ள தங்குமிடங்களாகப் பார்த்து, போனுஸ், குரோனான் என்னும் கடைகளில் மளிகை வாங்கினால் 70,000 ரூபாய்க்குள் சாப்பாடு அடங்கும். குழாய் நீர் அருமையானது, தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். ப்ளூ லகூனுக்குப் பதில் உள்ளூர் வெந்நீர் நீச்சல் குளத்துக்குப் போனால் செலவு பல மடங்கு குறையும், மகளுக்கும் அதுவே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஐஸ்லாந்துக்குப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. 12 வயது நிறையுமுன் விண்ணப்பித்தால் குழந்தைக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கில் கடைசி நேரத்தில் பெருந்தொகை வந்து விழுந்திருந்தால் கேள்வி கேட்பார்கள். மாதாமாதம் வளர்ந்த தொடர் வைப்பு அந்தச் சிக்கலைத் தராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் நெரியும் என்பதால் அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே நேர்முகத் தேதி எடுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கும் பயணத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.