விடை தெரியாமல் விடுகதை போடலாமா?

கேள்வி: விமானம் விழுந்து மர்மத் தீவு ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான 'லாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடரின் ஆறு சீசனையும் பார்த்து முடித்தேன். எத்தனையோ கேள்விகளை அப்படியே விட்டுவிட்டார்கள். கோபமாக நண்பரிடம் சொன்னால், "வாழ்க்கையில் மட்டும் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கிறதா? கதாபாத்திரங்களோடு இத்தனை நாள் வாழ்ந்தாயே, அது போதாதா?" என்கிறார். நான் எதிர்பார்த்ததுதான் தவறா?

பதில்: தவறே இல்லை. உங்கள் நண்பர் சொல்லும் சமாதானத்தை நானும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருமுறைகூட ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. வாழ்க்கை நம்மிடம் ஒரு மூடிய கதவைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உட்கார வைப்பதில்லை. தொடர் அதைச் செய்கிறது. விடுகதை போடுகிறவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி. நாம் தோற்றால் அவர்தான் விடையைச் சொல்ல வேண்டும்.

'லாஸ்ட்' தொடரில் என்னை இன்றைக்கும் உறுத்துவது வால்ட் என்ற அந்தச் சிறுவன்தான். அவனைச் சுற்றி எவ்வளவு கட்டினார்கள்! அவன் இருக்கும் இடத்தில் பறவை வந்து மோதி விழுகிறது, இவன் சாதாரணப் பையன் இல்லை என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள், முதல் சீசனின் கடைசியில் அவனைக் கடத்திக்கொண்டே போகிறார்கள். அப்புறம்? கதையில் சில வாரங்கள்தான் கடந்திருக்க, நடித்த பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான், பாத்திரத்தை ஓரங்கட்டிவிட்டார்கள். நடைமுறைச் சிக்கல், புரிகிறது. ஆனால் கேள்வியை எழுப்பியது அவர்கள்தானே? 2010இல் தொடர் முடிந்த பிறகு வந்த டிவிடியில் சுமார் 12 நிமிடத் துணுக்கு ஒன்றைச் சேர்த்து, அதில் வால்ட்டையும் அந்தத் தீவில் திரிந்த பனிக்கரடிகளையும் கொஞ்சம் தொட்டுக் காட்டினார்கள். ஆறு வருடம் வாராவாரம் காத்திருந்தவர்களுக்கு அதைத் தொடருக்குள்ளேயே அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், "எல்லோரும் முதலிலேயே செத்துவிட்டார்கள்" என்று பலர் அந்த முடிவைப் புரிந்துகொண்டு திட்டுகிறார்கள். அது சரியல்ல. தீவில் நடந்ததெல்லாம் நடந்ததுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்போதெல்லாம் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தைப் பார்த்துத்தான் தொடருக்கே அனுமதி தருவார்கள். பிறகு கூட்டம் இருக்கும்வரை ஓடும், கூட்டம் குறைந்தால் நிற்கும். பத்து அத்தியாயமா, நூறு அத்தியாயமா என்று தெரியாமல் எழுதுகிறவர் என்ன செய்வார்? ஒரு கேள்விக்கு விடை சொன்னால் கதை தீர்ந்துவிடுமோ என்று பயந்து, அதன் மேல் இன்னொரு கேள்வியை ஏற்றி வைப்பார். 2004இல் தொடங்கிய 'லாஸ்ட்' எப்போது முடியும் என்று 2007 மே மாதம்தான் அறிவித்தார்கள். அதற்கு முன் மூன்றாவது சீசனில் கேட், சாயர் என்ற இரண்டு பாத்திரங்களும் கூண்டுக்குள்ளேயே கிடந்த அத்தியாயங்களைப் பார்த்திருப்பீர்களே, முடிவு தேதி இல்லாத கதை அப்படித்தான் நின்ற இடத்திலேயே சுற்றும். தேதி கிடைத்ததும் கதைக்கு வேகம் வந்ததையும் கவனித்திருப்பீர்கள்.

'தி கில்லிங்' இன்னும் மோசம். ரோஸி லார்சன் என்ற பெண்ணைக் கொன்றது யார் என்பதையே விளம்பரமாக்கி 2011இல் 13 அத்தியாயம் ஓட்டினார்கள், சீசன் முடிந்தது, கொன்றவர் யார் என்று சொல்லவில்லை. விடை அடுத்த வருடம் இரண்டாவது சீசனின் கடைசியில்தான் வந்தது. அதன் டேனிஷ் மூலத் தொடர் 2007இல் 20 அத்தியாயத்துக்குள் அதே மாதிரிக் கொலையை முடித்துக் காட்டியிருந்தது. அந்த 20க்கும் இங்கே இரண்டு சீசனும் சேர்ந்த 26க்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் எதைச் சொல்லி உட்கார வைத்தார்களோ அதைச் சொல்லாமல் எழுப்பி அனுப்பியதில்தான் அத்தனை பேருக்கும் கோபம்.

விடை சொன்னதால்தான் 'ட்வின் பீக்ஸ்' செத்தது என்று உங்கள் நண்பர் அடுத்துச் சொல்வார் பாருங்கள். அதுவும் ஒரு பெண்ணைக் கொன்றது யார் என்ற கதைதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லிஞ்ச் கொலையாளியைக் காட்டவே விரும்பவில்லை, சேனலின் நெருக்கடியில் 1990 கடைசியில் காட்டினார்கள், பார்வையாளர்கள் விலகினார்கள், 1991இல் தொடர் நின்றது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த விடை வந்த அத்தியாயமே தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்று. அதற்குப் பிறகு சொல்வதற்குக் கதை கையில் இல்லாமல் போனதுதான் அதைக் கொன்றது.

இதற்காக எல்லாக் கேள்விக்கும் விடை வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. வேதாளம் சொன்ன கதைகளை நினைத்துப் பாருங்கள், ஒவ்வொரு கதைக்கும் ராஜா விடை சொல்லிக்கொண்டே வருகிறார், கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியாமல் வாயை மூடிக்கொள்கிறார், அந்த மௌனம்தான் வேதாளத்தை அவரோடு வரச் சம்மதிக்க வைக்கிறது. அங்கே விடை இல்லாததே கதையின் முடிவு. 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' தொடரிலும் அப்படித்தான். உலக மக்களில் 2 சதவீதம் பேர் ஒரே நொடியில் மறைகிறார்கள், ஏன் என்று கடைசிவரை சொல்வதில்லை. ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த 'ஏன்' என்பதைக் காட்டி நம்மை இழுக்கவும் இல்லை, மீதி இருப்பவர்களின் துக்கத்தைத்தான் சொன்னார்கள். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேமன் லிண்டலாஃப் 'லாஸ்ட்' தொடரை உருவாக்கியவர்களிலும் ஒருவர் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

பாதியில் நிறுத்தப்படும் தொடர்கள் வேறு கதை. '1899' 2022 நவம்பரில் வந்தது, 8 அத்தியாயம், 2023 ஜனவரியில் ரத்து. அதற்கு எழுதியவர்களைத் திட்டாதீர்கள், மூன்று சீசனுக்குத் திட்டம் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

அவர்களே அதற்கு முன் எடுத்த 'டார்க்' தொடரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் அடுத்து அதைப் பாருங்கள். மூன்று சீசன், 26 அத்தியாயம், கட்டிய முடிச்சுகளை அவர்களே உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறார்கள். நான்கு குடும்பங்கள், பல காலங்கள் என்பதால் பக்கத்தில் ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு பாருங்கள், யார் யாருக்கு அப்பா என்பது இரண்டாவது சீசனில் தேவைப்படும். நண்பரையும் கூட உட்கார வையுங்கள்.