இந்த வருடம் சின்ன டின் போதும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுக் குறிப்புகளைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. ஆறு வருடம் சேர்ந்து வாழ்ந்த உறவு இந்த வருட நடுவில் முடிந்துவிட்டது. முடித்தது அவர்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு நாள் உட்கார வைத்துச் சொன்னார், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். பார்ப்பவர்களுக்கு நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வருடக் கடைசி நெருங்குகிறது. ஒவ்வொரு வருடமும் நாங்கள் பெரிய ஃப்ரூட் கேக் செய்வோம். அவர் பழம் நறுக்குவார், நான் கலக்குவேன். பாதி எங்களுக்கு, பாதி அவர் வீட்டாருக்கு. அன்று மாலை பரணிலிருந்து பெட்டியை இறக்கி வீட்டை அலங்கரிப்போம். அந்தப் பெட்டியில் அவர் கையால் வெட்டிய காகித நட்சத்திரங்கள் நிறைய இருக்கின்றன. போன வாரம் ஒரு கடையில் பட்டையும் கிராம்பும் சேர்ந்த வாசம் அடித்தது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பெட்டியோடு தூக்கிப் போடு என்கிறார்கள் தோழிகள். ஒருத்திக்காக ஓவனைச் சூடாக்குவது அசட்டுத்தனமாகப் படுகிறது. மனசு சரியான பிறகு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா? துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் உண்டு என்று படித்தேன். நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். வழக்கம்போல அவருக்குப் பாதி கேக் அனுப்பலாமா? அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

கேக் செய்யுங்கள். இந்த வருடமே செய்யுங்கள். ஆனால் அந்தப் பழைய கேக்கை, அந்தப் பழைய அளவில் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்.

மனசு சரியான பிறகு செய்யலாமா என்று கேட்கிறீர்கள். அந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில், மனநிலை எப்படி இருந்தாலும் முன்பு நிறைவு தந்த சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்ய வைக்கும் முறை ஒன்று உண்டு. 1970களில் பீட்டர் லூவின்சன் என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. விருப்பம் வரட்டும் என்று காத்திருந்தால் வேலை தள்ளிப்போகும். வேலை தள்ளிப்போகப் போக, நன்றாக இருக்கிறது என்று தோன்றக்கூடிய வேளைகளும் குறையும். முதலில் கை நகரட்டும், மனசு பின்னால் வரும். பேக்கிங் இதற்கு நன்றாகப் பொருந்தும் வேலை. அளக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், கவனத்தை வேறெங்கும் விட முடியாது.

ஐந்து கட்டங்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969ல் அதை எழுதியது, மரணத்தை நெருங்கிவிட்ட நோயாளிகளோடு பேசிப் பார்த்ததை வைத்து. பிரிவுத் துயரில் இருப்பவர் ஒவ்வொரு படியாக ஏற வேண்டிய அட்டவணை இல்லை அது. காலையில் கோபம், மத்தியானம் ஒன்றுமில்லை, ராத்திரி அழுகை என்று ஒரே நாளில் எல்லாம் வந்து போகும். நீங்கள் எங்கேயும் பின்தங்கிவிடவில்லை.

கடையில் அழுததற்கும் வெட்கப்பட வேண்டாம். பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையில் தாலமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். மணத்துக்கு மட்டும் அந்தச் சுற்று இல்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பகுதிகளுக்கு அது நேராகப் போய்ச் சேருகிறது. என்ன வாசம் என்று யோசிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. சிலர் அந்த வாசத்தையே வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டையும் கிராம்பும் உங்களுடையவையும்தான். ஆறு வருடத்துக்கு முன்பும் உங்கள் அடுப்படியில் இருந்திருக்கும். பழைய நினைவை அழிக்க முடியாது, ஆனால் அதே வாசத்தின் மேல் புதிய நினைவுகள் சேரும். அதனால் பண்டிகை நாள் வரைக்கும் காத்திருக்காமல், ஏதாவது ஒரு விடுமுறைக் காலையில், நல்ல வெளிச்சத்தில், பட்டை போட்ட பிஸ்கட்டிலிருந்து ஆரம்பியுங்கள். கூட ஒரு தோழி இருந்தால் இன்னும் நல்லது. அழுகை வந்தால் வரட்டும். ஓவனில் டைமர் மட்டும் வைத்துவிடுங்கள்.

பிஸ்கட்டைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருத்திக்காக ஓவனைச் சூடாக்குவதா என்ற உங்கள் கேள்வி வெறும் மின்சாரக் கணக்கில்லை; எனக்காக மட்டும் இவ்வளவு பாடா என்கிற கேள்வி அது. ஆம், உங்களுக்காக மட்டும்தான். மாவை ஒரே முறை பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கெட்டியானதும் பையில் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். வேலை முடிந்து வரும் சாயங்காலம் இரண்டே இரண்டு உருண்டை எடுத்து, குளிர் விடுவதற்குக் காத்திருக்காமல், 180 டிகிரி செல்சியஸில் வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டுக்குக்கூடக் கிடைக்காத வசதி இது, ஓவனிலிருந்து எடுத்த பிஸ்கட்டைச் சூட்டோடு சாப்பிடுவது.

இனி கேக். உங்கள் பழைய டின் 20 செ.மீ. இருக்கலாம், அநேகமாக எல்லாச் செய்முறையும் அந்த அளவுக்குத்தான் எழுதப்படுகிறது. 15 செ.மீ. டின் ஒன்று வாங்குங்கள். பார்த்தால் கொஞ்சம்தான் சின்னது என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், பெரிய டின்னின் பதினாறில் ஒன்பது பங்குதான் இதன் பரப்பு. பாதியைவிடச் சற்று அதிகம். ஆகவே எல்லாவற்றையும் சரிபாதியாக்கினால் போதும், கேக் ஒரு துளி உயரம் குறையும், அவ்வளவுதான். நாலு முட்டை இரண்டாகும். மூன்று முட்டைச் செய்முறை என்றால் ஒன்றரை வருமே என்று திகைக்க வேண்டாம். ஒரு முட்டையை அடித்து எடை போட்டுப் பாதியை ஊற்றுங்கள். ஓடு நீக்கினால் ஒரு முட்டை சுமார் 50 கிராம், பாதி 25. சூட்டை மாற்றாதீர்கள். நேரம் மட்டும் குறையும், அதுவும் சரிபாதியாகக் குறையாது. ஃப்ரூட் கேக் 150 டிகிரியில் மெதுவாக வேக வேண்டியது. சின்ன டின் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆனதுமே குச்சியால் குத்திப் பார்க்க ஆரம்பியுங்கள். டின்னைச் சுற்றி பட்டர் பேப்பர் இரண்டு அடுக்காக இருக்கட்டும். சின்ன கேக்கில் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும் கட்டத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும், பளபளவென்று உருகி இருக்கக் கூடாது. சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயைக் கீறிக் கீறித்தான் உள்ளே காற்றுக்கு இடம் செய்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. நீங்கள் அடித்து வைத்த குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. மஞ்சளாக இருந்த வெண்ணெய் மெல்ல வெளுக்கும். கரண்டியின் அடியில் நறநறவென்று கேட்ட சத்தம் அடங்கும். கலவை கனம் குறைந்து கரண்டியை விட்டு மெத்தென்று விழும். ஐந்து நிமிடமாவது ஆகும். முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றினால் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்துவிடும். முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். இவ்வளவு விவரம் எதற்கு என்று நினைக்கலாம். இந்த ஐந்து நிமிடமும் கண், காது, கை மூன்றும் ஒரே பாத்திரத்தில் இருக்கும். அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கிற ஓய்வு அதுவாகவே இருக்கலாம்.

பழம் நறுக்குவது அவர் வேலையாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேலையைக் கேக் செய்யும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். எதிரே காலியாக இருக்கும் இடம்தான் கண்ணில் படும். ஒரு வாரம் முன்பே, ஏதாவது கேட்டுக்கொண்டே நறுக்கி, ஆரஞ்சுச் சாறில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நறுக்கும் அளவும் உங்கள் விருப்பம்.

பெட்டி விஷயத்தில் உங்கள் தோழிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர்களுடைய அக்கறை புரிகிறது. ஆனால் தூக்கிப் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இந்த மனநிலையில் எடுக்கும் எந்த முடிவும் திருத்தக்கூடியதாக இருக்கட்டும். பெட்டியை ராத்திரியில் தனியாகத் திறக்காதீர்கள். பகலில், ஒரு தோழியை வைத்துக்கொண்டு, முதலில் தோழி திறக்கட்டும். அந்த நட்சத்திரங்களை மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே அடுத்த வருடத்தை எழுதி, தோழி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா என்று அடுத்த வருடம் நீங்களே சொல்வீர்கள். இப்போது சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மிச்சத்தை அதே மூலையில் அதே மாதிரி தொங்கவிடாதீர்கள். கண் உடனே எது குறைகிறது என்று எண்ண ஆரம்பித்துவிடும். இந்த வருடம் கூடத்தை விட்டுவிட்டுச் சமையலறை ஜன்னலை அலங்கரியுங்கள். நீங்கள் அதிக நேரம் நிற்பது அங்கேதானே. சீரியல் லைட் வாங்குவதாக இருந்தால் டப்பாவில் 2700 கெல்வின் அல்லது ‘வார்ம் வைட்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 6000க்கு மேல் இருப்பது நீலம் கலந்த வெளிச்சம். இரவில் அந்த வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தடுக்கும். தூக்கம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் பிரிவுக்குப் பிறகு முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லாமல் போனால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், கேக்கையும் என்னையும் நம்பியிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அப்படி எண்ணம் வந்தால் அன்றே போங்கள், தனியாக இருக்காதீர்கள். மார்பு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ, மனக்கஷ்டம்தான் என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. கடும் துயரத்தில் இதயத்தசை திடீரென்று பலவீனமாகி மாரடைப்பு போலவே தோன்றும் ஒரு நிலையை 1990ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்து ‘டகோட்சுபோ’ என்று பெயரிட்டார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மருத்துவமனையில் பார்த்துத்தான் எது எது என்று பிரிக்க முடியும்.

கூச்சத்தோடு கேட்ட கேள்விக்கு வருகிறேன். அனுப்ப வேண்டாம்.

அன்பினால்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் கேக்கை அனுப்பியதும் காத்திருக்க ஆரம்பிப்பீர்கள். போய்ச் சேர்ந்ததா, சாப்பிட்டாரா, ஒரு வரி எழுதுவாரா என்று அலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 2010ல் ஹெலன் ஃபிஷர் என்ற மானுடவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும், பிரிந்து போனவரை இன்னும் நேசித்துக்கொண்டிருந்த 15 பேரிடம் அவரவர் நேசித்தவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். போதைப் பொருளுக்கு ஏங்கும்போது இயங்கும் பகுதிகள் சில அப்போதும் இயங்கின. நீங்கள் உறுதியில்லாதவர் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏக்கம் அவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது, அதற்கு ஒவ்வொரு தொடர்பும் தீனி. ஒரு வரி பதில் வந்தால் அடுத்த ஒரு மாதம் அதையே படித்துக்கொண்டிருப்பீர்கள். வராவிட்டால் அது இரண்டாவது பிரிவு போல வலிக்கும். உங்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

சின்ன டின் வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். அவருக்கென்று ஒதுக்கும் பாதி இந்த வருடம் ஓவனுக்குள்ளேயே போகப் போவதில்லை. யாருக்காவது கொடுத்தே பழகிய கை சும்மா இருக்காது என்றால், உங்கள் கேக்கிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, நேரில் போய்க் கொடுக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள். அடுத்த வீட்டில் இருப்பவருக்கு, வேலையிடத்தில் பக்கத்தில் உட்காருபவருக்கு. அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

அவரோ அவர் வீட்டாரோ இந்த வருடம் கேக் இல்லையா என்று கேட்டால், “சின்னதாகத்தான் செய்தேன்” என்று சொல்லிவிடுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அக்கா