அண்டாவோடு அதன் கதையும் வரட்டும்: எங்கள் ஊர் அருங்காட்சியகம் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், தமிழ்ப் பள்ளியை ஒட்டிய இரண்டு அறைகளில் எங்கள் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. அதன் பொருட்பதிவேட்டைப் பல ஆண்டுகளாக எழுதி வருபவன் என்ற முறையில், அன்பர்கள் கேட்டவற்றுக்கு விடையளிக்கிறேன்.

ஐயா, இந்த அருங்காட்சியகம் எப்படித் தொடங்கியது?

எங்கள் பெற்றோரில் பலர் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலும், கேட்டோ மேனர் பகுதியிலும் வாழ்ந்தவர்கள். இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, 1960களில் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். லாரியில் ஏற்ற முடிந்தவை வந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் பல வீடுகளில் பின்தங்கிப் போயின. வந்த தகரப் பெட்டிகளும், பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்த பிறகு, பழைய இரும்புக் கடைக்குப் போகத் தொடங்கின. அதைக் கண்டு மனம் பொறாத சில பெரியவர்கள் பள்ளியின் ஒரு மர அலமாரியில் பொருள்களைச் சேர்த்து வைத்ததுதான் தொடக்கம்.

என் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊர்க்காரர் என்று அறிய வழி உண்டா?

உண்டு, தம்பி. எங்களிடம் மிகுதியாக வரும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணோடு பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. அந்த எண் கைக்குக் கிடைத்துவிட்டால், ஆவணக் காப்பகத்தில் உள்ள பதிவேட்டில் உரிய வரியைக் கண்டுபிடிப்பது அரிதன்று. ஆகவே முதலில் வீட்டிலேயே தேடுங்கள். பழைய திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரம் ஆகியவற்றில் அந்த எண் ஒரு மூலையில் இருக்கக் கூடும்.

எண் கிடைக்காதபோதுதான் பொறுமை வேண்டும். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், முனுசாமி என்ற ஒரே பெயர் பல வடிவங்களில் காணப்படுகிறது. கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும் உங்களுக்குத் தெரிந்தவையே. எனவே குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். பதிவேட்டில் அது இல்லாமலே போகலாம். தகப்பனார் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுவதே நல்ல வழி. ஊர்ப் பெயர் விளங்காவிட்டால், வாய்விட்டு நான்கைந்து விதமாகப் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு அகப்படாதது காதுக்கு அகப்படும். வட ஆற்காட்டு ஊர் ஒன்றை இப்படித்தான் ஒரு மூதாட்டி எங்கள் அறையில் அமர்ந்து கண்டுபிடித்தார். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, தாலாட்டில் பாடிய ஊர் அது.

பதிவேட்டில் சாதி என்றொரு பத்தி இருக்கிறதே. அதைக் காட்சிக்கு வைக்கலாமா?

எங்கள் குழுவில் நீண்ட நாள் விவாதித்த செய்தி இது. ஆவணத்தில் உள்ளதை அழிப்பதோ மறைத்து நகலெடுப்பதோ தவறு. எதிர்காலத்து ஆய்வாளருக்கு முழுப் பக்கமும் தேவை. ஆனால் சுவரில் தொங்கவிடும் விளக்க அட்டையில் ஒருவருடைய சாதியை எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். குடும்பத்தார் கேட்டால் முழு நகலையும் அவர்களிடம் கொடுக்கிறோம். கப்பலில் ஒரே கொப்பரையில் சமைத்ததை உண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அருங்காட்சியகத்துக்குள் வந்து அந்தப் பிரிவினையை மறுபடி கற்றுக்கொள்வதை நான் விரும்பவில்லை.

பித்தளை விளக்கையும் பழைய புகைப்படங்களையும் வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

விளக்கை வாரந்தோறும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அம்மா. பளபளப்பு வரும், ஆனால் அடியில் பொறித்த பெயரும் ஆண்டும் தேய்ந்து போகும். மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். புகைப்படத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பின்புறத்தில் பெயர் எழுத மென்மையான பென்சிலை மட்டும் பயன்படுத்துங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டுவதும், கடிதங்களை லாமினேட் செய்வதும் திருத்த முடியாத சேதங்கள். டர்பனின் ஈரக் காற்றில் இராமபாணப் பூச்சி விரைவில் பெருகும் என்பதால், பெட்டியைத் தரையிலோ குளியலறைச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். பட்டுச் சேலையை ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரித்து, மடிப்பு வேறு இடத்தில் விழும்படி மடியுங்கள்.

கோயில் விக்கிரகங்களை ஏற்பீர்களா?

பூசையில் இருப்பவற்றை ஏற்பதில்லை. பூசை நின்றுவிட்ட சிலை என்றால், கோயில் பெரியவர்களும் குடும்பத்தாரும் எழுத்து மூலம் இசைவு தந்த பிறகே பெறுகிறோம். நேர்த்திக்கடன் முடிந்த மரக் காவடி ஒன்று எங்களிடம் உள்ளது. அதைத் தரையில் வைக்காமல் பீடத்தின் மேல் வைத்திருக்கிறோம்.

நுழைவுக் கட்டணம் உண்டா? செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?

கட்டணம் இல்லை. உண்டியலும் உறுப்பினர் சந்தாவும் மின்கட்டணத்துக்குப் போதுமானவை. நவம்பர் 16ஆம் நாளையும் செப்டம்பர் 24 பாரம்பரிய நாளையும் ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். அந்த வாரங்களில் தொண்டர்கள்தான் குறைவாக இருக்கிறார்கள், பணம் அன்று.

எங்கள் ஆயாவின் பித்தளை அண்டாவைத் தர விரும்புகிறோம். எப்போது கொண்டு வரலாம்?

மகிழ்ச்சி. ஆனால் அண்டாவை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தொடக்க காலத்தில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பொருள்கள் வந்தபோது, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்தேன். கொடுத்த பெரியவர் சில மாதங்களில் காலமானார். அந்தப் பெட்டியில் இருந்த வெள்ளிக் காப்பு யாருடைய கையில் கிடந்தது, எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டிய கை அது என்பதை இன்று சொல்ல ஒருவரும் இல்லை. அது என் பிழை. அந்தக் காப்பைக் காணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அன்று முதல், கதையை எழுதி முடிக்காமல் எந்தப் பொருளுக்கும் வரவு எண் இடுவதில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் வயதில் மூத்த அம்மா எவரோ, அவரையும் சனிக்கிழமை காலை அழைத்து வாருங்கள். அந்த அண்டாவில் எந்தெந்தக் கல்யாணத்துக்குச் சோறு வடித்தார்கள், யார் வீட்டுக்கு இரவல் போய் வந்தது, விளிம்பில் உள்ள நசுங்கல் எப்போது ஏற்பட்டது என்பதை அவர் வாய்மொழியாகச் சொல்லட்டும். நான் எழுதிக்கொள்கிறேன், உங்கள் பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து குரலைப் பதிவு செய்யட்டும். அண்டாவை அதன் பிறகு இறக்கி வைக்கலாம்.